அயர்லாந்து: காணி மீண்டது, மொழி மீளவில்லை

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



1972 ஆம் ஆண்டு மே மாதம் 22 ஆம் திகதி இலங்கை குடியரசாயிற்று. அன்று நடைமுறைக்கு வந்த அரசியல் யாப்பு பௌத்த மதத்துக்கு முதன்மை இடம் அளித்தது. சிங்களத்தை அரசகரும மொழியாக யாப்பினுள்ளேயே பொறித்தது. சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவிலே சிறுபான்மையோருக்கு இருந்த காப்பு அன்றோடு மறைந்தது. அதே ஆண்டு டிசெம்பர் 7 ஆம் திகதி அயர்லாந்து மக்கள் வாக்களிக்கச் சென்றனர். தங்கள் யாப்பிலே கத்தோலிக்க திருச்சபைக்கு அளிக்கப்பட்டிருந்த விசேட நிலையை நீக்கிவிட நூற்றுக்கு 84 பேர் இசைந்தனர். திருச்சபையின் தலைமையும் அதனை எதிர்த்து நிற்கவில்லை.

இரண்டும் தீவுகள். இரண்டும் பிரித்தானியரால் ஆளப்பட்டவை. ஒரே ஆண்டிலே ஒரு தீவு எழுதிய வரியை மற்றத் தீவு அழித்தது. அவர்கள் ஏன் அழித்தார்கள் என்பதை அறியவேண்டுமாயின், முதலில் ஏன் எழுதினார்கள் என்பதை அறியவேண்டும். அதற்குக் காணியிலிருந்தே தொடங்கவேண்டும். இங்கே கமக்காரர் பலர் இருக்கின்றீர்கள். காணி என்றால் என்னவென்று நான் சொல்லித் தெரியவேண்டியவர்கள் அல்லர் நீங்கள்.

1641 ஆம் ஆண்டளவில் அயர்லாந்துக் காணியில் நூற்றுக்கு ஏறக்குறைய 60 பங்கு கத்தோலிக்கர் கையில் இருந்தது. குரொம்வெல்லின் படையெடுப்பும், பின்னர் 1690 ஐ ஒட்டி நடந்த யுத்தமும் முடிந்து பார்த்தபோது, 1703 இல், எஞ்சியது 14 பங்கு. வாளினாற் பறித்ததை நிலைநிறுத்தச் சட்டம் வந்தது. 1704 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட அச்சட்டத்தின் கொடுமையைப் பலர் எழுதியிருக்கின்றனர்; சட்டம் பயின்ற என்னை அச்சுறுத்துவது அதன் நுட்பம். கத்தோலிக்கன் காணி வாங்கக்கூடாது. 31 ஆண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகை எடுக்கக்கூடாது. அவன் இறந்தால் அவனுடைய காணி ஆண்மக்கள் அனைவருக்கும் சமமாகப் பிரிக்கப்படவேண்டும். ஆனால் மூத்த மகன் அரச சமயத்தைத் தழுவுவானாயின் காணி முழுவதும் அவனுக்கே. உயிரோடிருக்கும் தகப்பன் அன்றுமுதல் வெறும் சீவிய உரித்தாளன். முதிசக் காணி தலைமுறைக்குத் தலைமுறை துண்டுபட்டால் என்ன ஆகும் என்பதை யாழ்ப்பாணத்தாருக்கு விளக்க வேண்டுமா? துண்டுபட விடாதே, அல்லது சமயத்தை விடு என்று தகப்பனையும் மகனையும் ஒருவருக்கொருவர் எதிரியாக நிறுத்தியது அச்சட்டம்.

இதன் விளைவை ஊன்றிக் கவனிக்கவேண்டும். அன்றுதொட்டு அயர்லாந்துக்காரனுக்குச் சமயம் வழிபாட்டோடு நின்றுவிடவில்லை. அது, பறிபோன காணியின் மறுபெயராயிற்று. ஆண்டவன் பெயரைச் சொன்னால் ஆட்சியின் நினைவும் வந்தது. பின்னாளிலே அந்த நாட்டின் யாப்பிற்குள் திருச்சபை எப்படி நுழைந்தது என்று வியப்பவர்கள் இந்த 1704 ஐ மறந்துவிடுகின்றார்கள்.

மொழியின் கதை வேறு. அதனைச் சட்டம் மட்டும் கொல்லவில்லை. 1831 இல் அரசாங்கம் நாடெங்கும் பாடசாலைகளை அமைத்தது, போதனை ஆங்கிலத்தில். பிள்ளையின் கழுத்திலே கயிற்றிற் கோத்த ஒரு தடியைத் தொங்கவிடுவார்கள். ஐரிஷ் மொழியில் ஒரு வார்த்தை பேசினால் தடியில் ஒரு வெட்டு. மாலையில் வெட்டுகளை எண்ணி அடி. இதை வெள்ளைக்கார அதிகாரி செய்தான் என்று எண்ணாதீர்கள். ஐரிஷ் மட்டுமே தெரிந்த தாய் தகப்பனே தம் பிள்ளை பேசியதற்கு வீட்டிலிருந்து வெட்டிட்டு அனுப்பியதும் உண்டு. பிள்ளை பிழைக்கவேண்டும், அமெரிக்காவிற்குப் போகவேண்டும், உத்தியோகம் பார்க்கவேண்டும் என்ற கவலை அவர்களுக்கு. கத்தோலிக்கருக்குப் பாராளுமன்ற உரிமையை 1829 இல் வென்று கொடுத்த பெருந் தலைவர் டானியல் ஓகொனல் என்னைப்போல் ஒரு சட்டத்தரணி. ஐரிஷ் பேசி வளர்ந்தவர். அம்மொழி மெல்ல மறைவதைப்பற்றித் தமக்கு வருத்தம் இல்லையென்று அவரே கூறியிருக்கின்றார். அடிமைத்தனம் உள்ளத்தில் இறங்கிய பின்னர், ஆள்பவன் சட்டம் செய்ய வேண்டியதும் இல்லை.

1845 இல் உருளைக்கிழங்கு அழுகியது. 1841 இல் 82 இலட்சமாக இருந்த சனத்தொகை 1851 இல் 65 இலட்சமாயிற்று. பத்து இலட்சம் பேரளவில் மாண்டனர். அத்தனை பேரளவில் கப்பலேறினர். மாண்டவர்களும் போனவர்களும் பெரும்பாலும் மேற்குப் பகுதியின் ஏழைகள். ஐரிஷ் பேசியவர்கள் அவர்களே.

இனி, வென்ற கதைக்கு வருகின்றேன். மைக்கல் டேவிற் என்பவர் மேயோ என்னும் பகுதியைச் சேர்ந்தவர். நான்கு வயதுப் பிள்ளையாக இருந்தபோது குடும்பம் குடியிருந்த காணியிலிருந்து வெளியேற்றப்பட்டது. இங்கிலாந்துக்குப் போய்ப் பஞ்சாலையிலே வேலை செய்தபோது பதினொரு வயதில் வலது கையை இழந்தார். பிற்காலத்திற் சிறையும் இருந்தார். 1879 இல் அவர் முயன்று அமைத்த காணிச் சங்கத்துக்குப் பார்னல் என்னும் புரட்டஸ்தாந்து நிலச்சுவாந்தார் தலைவரானார். சங்கம் கேட்டவை மூன்று: நியாயமான வாரம், வாரம் செலுத்தும்வரை வெளியேற்றாமை, குடியானவன் தன் உரித்தை விற்கும் சுதந்திரம். வயலிலே நிற்பவனுக்கு விளங்கும் மூன்று சொற்கள்.

1880 இல், மேயோவிலே பொய்கொட் என்ற ஒரு காணி முகாமையாளர் இருந்தார். அவருக்கு எவரும் வேலை செய்யவில்லை. கொல்லன் குதிரைக்கு இலாடம் அடிக்கவில்லை. கடைக்காரன் சாமான் கொடுக்கவில்லை. கடிதம் கொண்டுவருபவனும் வரவில்லை. விளைந்ததை அறுவடை செய்ய வடக்கிலிருந்து ஐம்பது பேரை அழைத்தனர். அவர்களைக் காக்க ஆயிரம் பேரளவிற் படையினர் வந்தனர். விளைச்சலின் பெறுமதியைவிடக் காவலின் செலவு பன்மடங்கு. நாம் பகிஷ்காரம் என்று சொல்வதற்கு ஆங்கிலத்தில் அந்த முகாமையாளரின் பெயரே இன்றும் வழங்குகின்றது. 1881 இல் மூன்று கோரிக்கைகளும் சட்டமாயின. 1903 இன் சட்டம் குடியானவன் அரசாங்கக் கடன் பெற்று, 68½ ஆண்டுகளில் தவணைமுறையாகத் திருப்பிச் செலுத்தி, தான் உழுத காணிக்கே சொந்தக்காரனாக வழிசெய்தது. சுதந்திரம் வந்த 1922 க்கு முன்னரே குடியானவரிற் பெரும்பாலோர் சொந்தக்காரராகிவிட்டனர். முந்நூறு ஆண்டுக் கொள்ளை, துப்பாக்கி வெடித்துப் பெற்ற சுதந்திரத்துக்கு முன்பே, வயலில் நின்றவரின் ஒற்றுமையினால் திரும்பிற்று.

ஆனால் சொந்தக்காரனாகியவன் மாறிவிட்டான். பஞ்சத்தைக் கண்டவன் இனித் தன் காணியைத் துண்டாட மாட்டான். காணி ஒரு மகனுக்கு; சீதனம் ஒரு மகளுக்கு; மற்றவர்களுக்குக் கப்பல், அல்லது குருமடம், அல்லது கன்னியர் மடம். தகப்பன் கைவிடும்வரை காணிக்காகக் காத்திருந்த மகன் நாற்பது வயதிலும் மணமாகாதிருந்தான். இப்படியான ஒரு சமுதாயத்துக்கு, ஆசையை அடக்கு, அடங்கியிரு என்று போதிக்கும் மதகுரு மிகவும் பொருத்தமானவராயிருந்தார். அயர்லாந்தின் கடுமையான ஒழுக்கக் கட்டுப்பாட்டை விவிலியத்திலே தேடுகின்றவர்களுக்கு நான் கூறுவது, காணி உறுதியிலும் தேடுங்கள் என்பதே.

இந்த வேளையிலேதான் மொழிக்காகவும் ஒரு சங்கம் தோன்றிற்று. 1893 இல் கேலிக் சங்கத்தின் முதல் தலைவரான டக்ளஸ் ஹைட் புரட்டஸ்தாந்து போதகர் ஒருவரின் மகன். மொழி எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான வீடாகும், அங்கே அரசியல் வேண்டாம் என்பது அவர் எண்ணம். அச்சங்கத்திலே ஐரிஷ் படித்தவர்களே 1916 இன் எழுச்சியை நடத்தினர். அதற்கு முந்திய ஆண்டு சங்கம் அரசியல் நோக்கத்தை ஏற்றபோது ஹைட் விலகிக்கொண்டார். 1938 இல் அவரையே நாட்டின் முதல் சனாதிபதியாக்கினார்கள். அதே ஆண்டு அவர் ஓர் உதைபந்தாட்டப் போட்டியைப் பார்க்கச் சென்றார். அந்நிய விளையாட்டுக்கு உடந்தையாயிருந்தார் என்று தேசிய விளையாட்டுச் சங்கம் அவரைத் தன் போஷகர் பதவியிலிருந்து நீக்கிற்று. சிரிக்கின்றீர்கள். ஒரு கொள்கை அதிகாரத்தோடு கைகோத்தபின் தன்னைப் பெற்றவரையே வாசலில் நிறுத்திச் சோதிக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நான் அறியேன்.

1922 இல் சுதந்திர நாடு அமைந்தது. மொழியை மீட்கும் பணி பாடசாலை வாத்தியாரிடமும் பரீட்சகரிடமும் ஒப்படைக்கப்பட்டது. 1934 முதல் ஐரிஷில் சித்தியடையாத மாணவனுக்கு இறுதிப் பாடசாலைப் பத்திரமே கிடையாது. அரசாங்க உத்தியோகத்துக்கும் ஐரிஷ் வேண்டும். 1937 இல் டி வலேரா கொண்டுவந்த யாப்பு ஐரிஷை முதலாவது அரசகரும மொழியாக்கிற்று. யாப்பின் இரு வாசகங்கள் முரண்பட்டால் ஐரிஷ் வாசகமே செல்லும் என்றது. அதே யாப்பு திருச்சபைக்கு விசேட நிலை அளித்தது, விவாகரத்தைத் தடுத்தது, பெண்ணுக்கு உரிய இடம் வீடு என்று கண்ணியமான சொற்களில் எழுதியது. மணம் முடித்த பெண் அரசாங்க உத்தியோகத்தை விட்டு விலகவேண்டும் என்ற விதி 1973 வரை நீடித்தது.

நியாயமாகச் சொல்லவேண்டும்: அந்த யாப்பு மற்றத் திருச்சபைகளையும் பெயர் சொல்லி அங்கீகரித்தது, 1937 ஆம் ஆண்டின் ஐரோப்பாவிலே யூத சபைகளையும் அங்கீகரித்தது. டி வலேரா வெறியர் அல்லர். ஆயினும் பெரும்பான்மையோரின் வாழ்க்கை முறையே நாட்டின் வாழ்க்கை முறை என்று எழுதியாயிற்று. தென் அயர்லாந்தில் 1911 இல் நூற்றுக்குப் பத்தாக இருந்த புரட்டஸ்தாந்துகள் 1926 இல் ஏழாயினர். எல்லாரும் துரத்தப்பட்டவர் அல்லர். படைகளோடு சென்றவர் உண்டு, உலக யுத்தத்தில் மாண்டவர் உண்டு. ஆனால் இது நமக்குரிய நாடன்று என்று மெல்ல எண்ணி, சத்தமின்றிப் போனவரும் உண்டு. சத்தமின்றிப் போவோர் எந்தக் கலவரக் கணக்கிலும் வரமாட்டார்கள்.

வடக்கிலே இதன் மறுபக்கம். 1921 முதல் அங்கே புரட்டஸ்தாந்துப் பெரும்பான்மையின் பாராளுமன்றம். விகிதாசார வாக்குமுறை முதலில் உள்ளூராட்சியிலும் 1929 இற் பாராளுமன்றத்திலும் ஒழிக்கப்பட்டது. கத்தோலிக்கர் பெரும்பான்மையாய் வாழ்ந்த டெரி நகரிலும் வட்டார எல்லைகளை வரைந்த விதத்தால் ஆட்சி மற்றவர் கையிலே இருந்தது. 1968 இல் சமவுரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களைப் பொலிசார் அடித்தனர். அதன் பின் 1998 இன் உடன்படிக்கைவரை ஏறக்குறைய 3,500 உயிர்கள். இதனை விரித்துரைக்க நான் விரும்பவில்லை. நீங்கள் கேளாத கதையன்று.

அன்பர்களே, நமக்கு நடந்ததை மட்டும் இதிலே காண்பதற்காக நான் அயர்லாந்தைக் காட்டவில்லை. நம்மிடம் இருப்பதையும் காணவேண்டும். மணமான பெண் தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911 இன் யாழ்ப்பாண விவாக உரிமைகள் கட்டளைச் சட்டம் விதித்தது. டி வலேராவின் யாப்பைப் படித்துச் சிரிக்கும் நம்மவர் அச்சட்டத்தைத் தேசவழமை என்று போற்றுவதை நான் கேட்டிருக்கின்றேன். கோயில் வாசலிலே யாரை நிறுத்தினோம், வடக்கிலிருந்து 1990 இல் முஸ்லிம்கள் போனபோது எத்தனை பேர் வாய் திறந்தோம் என்பதையும் இதே மேசையில் வைத்துத்தான் பேசவேண்டும். அதிகாரம் கேட்பவன், அதிகாரம் வந்தால் தன் வாசலில் நிற்கும் சிறியவனுக்கு என்ன செய்வான் என்ற கேள்விக்கு முன்கூட்டியே பதில் வைத்திருக்க வேண்டும். ஹைட்டிடம் பதில் இருந்தது. அவர் சங்கத்திடம் இல்லை.

எழுதியதை அழிக்க அயர்லாந்துக்கு எவ்வளவு காலம் பிடித்தது? 1973 இல் மக்கீ என்னும் ஒரு பெண், நான்கு பிள்ளைகளின் தாய், மீண்டும் கருவுற்றால் உயிருக்கு ஆபத்து என்று வைத்தியர் கூறியிருந்தும், கருத்தடைப் பொருளைச் சுங்கத்தார் பறித்தார்கள் என்று வழக்காடினார். 1937 இன் அதே யாப்பிலிருந்தே குடும்பத்தின் அந்தரங்க உரிமையைக் கண்டெடுத்து, 1935 முதல் இருந்த தடையை உயர் நீதிமன்றம் செல்லாதென்றது. நீதவான்களுக்குத் துணிவிருந்தால் பழைய யாப்பிலும் புதிய கதவு உண்டு. விவாகரத்துத் தடையை 1986 இல் மக்கள் நீக்க மறுத்தனர். 1995 இல் நீக்கினர், வெறும் 9,114 வாக்குகளால். வீட்டிலே பெண்ணின் இடத்தைப் பற்றிய வாசகத்தை மாற்ற 2024 மார்ச்சில் வாக்கெடுப்பு நடந்தது; மக்கள் முன்மொழிந்த மாற்றத்தை நிராகரித்தனர், வாசகம் நின்றுவிட்டது. எழுதுவதற்கு ஒரு மாலை போதும்.

மொழி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2022 இன் குடிசன மதிப்பீட்டில் 18 இலட்சத்துக்கு மேற்பட்டோர் தமக்கு ஐரிஷ் தெரியும் என்றனர். பாடசாலைக்கு வெளியே அதனை நாள்தோறும் பேசுவோர் 72,000 பேரளவே. யாப்பிலே முதலிடம், பரீட்சையிலே கட்டாயம், வானொலியில் தலைவரின் புகழுரை. ஆனால் அதைப் பேசிய மேற்குக் கரையோரத்தான் கச்சேரிக்குப் போனால் உத்தியோகத்தர் ஆங்கிலத்திலே பதில் கூறினார். வேலை இல்லை, மீன்பிடிக்கு உதவி இல்லை. 1950 களில் நாட்டை விட்டுப் போனவர் நான்கு இலட்சம் பேரளவில். 1961 இல் சனத்தொகை 28 இலட்சமாகச் சுருங்கிற்று. 1973 இலும் 1974 இலும் பரீட்சைக் கட்டாயத்தையும் உத்தியோகக் கட்டாயத்தையும் அரசாங்கமே தளர்த்திற்று. 1987 முதல் நமது யாப்பிலே தமிழும் அரசகரும மொழி. கொழும்பிலே பொலிஸ் நிலையத்துக்கு முறைப்பாடு கொடுக்கச் சென்றவர்கள் அதன் பெறுமதியை அறிவார்கள்.

மேற்கிலே கொனமாரா மக்கள் 1969 இல் தாமே எழுந்தனர். அவர்கள் மொழிக்குப் புகழ் கேட்கவில்லை. வேலை, வானொலி, தங்கள் பகுதியைத் தாங்களே நிர்வகிக்கும் ஒரு சபை ஆகியவற்றைக் கேட்டனர். உத்தரவின்றித் தாங்களே ஒரு வானொலியை நடத்திக் காட்டினர். 1972 ஏப்ரிலில் அரசாங்கம் ஐரிஷ் வானொலியைத் தொடங்கிற்று. 1980 இல் அப்பகுதிகளுக்கென ஓர் அதிகார சபையும் வந்தது.

இறுதியாக ஓர் ஊர். 1935 இல் காணி ஆணைக்குழு கொனமாராவின் கற்பாறை நிலத்திலிருந்து ஐரிஷ் பேசும் 27 குடும்பங்களைக் கிழக்கே மீத் பகுதியின் வளமான மண்ணிலே, ராத் கார்ன் என்னும் இடத்திற் குடியேற்றிற்று. ஒவ்வொரு குடும்பத்துக்கும் வீடும் காணியும். கல்லோயாவை அறிந்த நமக்குக் குடியேற்றம் என்ற சொல் கசக்கும். அங்கேயும் அயலவர் சிலருக்குக் கசந்தது, தம் பிள்ளைகளுக்குக் காணியில்லாதபோது அந்நியருக்கு ஏன் என்றனர். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லையென்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் வந்தவர்கள் தனித்தனியாகச் சிதறாமல் ஊராக வந்தார்கள், பயிரிட்டார்கள், தங்களுக்குள் ஐரிஷ் பேசினார்கள். அவர்கள் போராடிய பின்னர், 1967 இல், அவ்வூரை அரசாங்கம் ஐரிஷ் மொழிப் பகுதியாக ஏற்றுக்கொண்டது. டப்ளினிலிருந்து முப்பது மைலளவிலே, சுற்றிலும் ஆங்கிலம் பேசும் கிராமங்களின் நடுவில், அங்கே இன்றும் பிள்ளைகள் அம்மொழியிற் பேசுகின்றனர்.

குத்தகை பற்றியும் அரசாங்கம் கையேற்ற காணிகள் பற்றியும் கேட்கவென்று சிலர் உறுதிகளோடு வந்திருப்பதைக் காண்கின்றேன். அவர்களுக்கு நேரம் வேண்டும், நான் அமர்கின்றேன்.